கிளட்ச்சா, கியர்பாக்ஸா? பழைய ஆயிலை வைத்தே கண்டுபிடிக்கலாம்

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து, கிளட்ச்சைப் பாதி பிடித்துத் திருப்ப வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் இழுவையிலேயே வண்டி வருகிறது. அப்போது கியர் பற்களில் ஏறும்போது வேலை செய்யாத பக்கம் சுமை தாங்குகிறது. தினமும் இந்தப் பாதையில் போகும் பைக்கின் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் சேலம் டவுனுக்குள் ஓடும் வண்டியைவிடச் சீக்கிரம் தேயும்.

தேய்மானம் தெரிய ஆரம்பித்ததும் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது", "ரெண்டாவது கியர் கழண்டுக்குது", "உள்ளே கரகரன்னு சத்தம் வருது." இந்த மூன்றுக்கும் கிளட்ச், கியர்பாக்ஸ் இரண்டுமே காரணமாக இருக்கலாம். சில சமயம் இரண்டுமே இல்லாமல் இன்ஜின் காரணமாக இருக்கும்.

ஆனால் பழுது பார்க்கும் செலவு ஒன்றல்ல. கிளட்ச்சைப் பார்க்கப் பக்கவாட்டுக் கவரைக் கழற்றினால் போதும். ஒரு கேஸ்கெட், ஆயில், அரை நாள் வேலை. கியர்பாக்ஸைப் பார்க்க, நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில், இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கி, இன்ஜினின் வெளிக்கூடான கிரேங்க் கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்து ஒன்றும் இல்லையென்றாலும் கூலி கூலிதான். கேஸைப் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கையில் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தில் பெரும்பகுதி நாம் வடித்துக் கொட்டுகிற ஆயிலில் இருக்கிறது.

ஒரே ஆயில், மூன்று இடம்

ஸ்ப்ளெண்டர், பல்சர், அப்பாச்சி என்று இன்றைய நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். சுமார் ஒரு லிட்டர் ஆயில் பிஸ்டனையும் குளிர்விக்கிறது, கியர் பற்களுக்கு நடுவிலும் நசுங்குகிறது, கிளட்ச் பிளேட்டுகளையும் நனைக்கிறது. எந்த இடத்தில் தேய்ந்த உலோகமாக இருந்தாலும் இதே ஆயிலுக்குத்தான் வந்து சேரும். "ஆயிலில் இரும்பு அதிகம்" என்ற ஒரு வரியை மட்டும் வைத்து கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜினுக்கான 2டி ஆயில் பெட்ரோலோடு எரிந்து போய்விடும். கியர்பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும் தனி ஆயில். அந்த ஆயிலில் பிஸ்டன், ரிங் தேய்மானம் கலக்காது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் இருக்கும் பிரைமரி செயின்கேஸ் மூன்றும் தனித்தனி. மூன்றிலும் மாதிரி எடுத்தால் கேள்வி பாதி தீர்ந்துவிடும். இந்த முறையைப் பழக நினைப்பவர் கையில் அப்படி ஒரு வண்டி இருந்தால் அதில் தொடங்குவது நல்லது.

ஆய்வகம் எதை அளக்கிறது

ஆயில் மாதிரியைப் பிளாஸ்மா சுடரில் தெளித்து, ஒவ்வொரு உலோகமும் வெளியிடும் ஒளியை வைத்து அளவைச் சொல்லும் கருவிக்கு ஐசிபி ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். முடிவு பிபிஎம் கணக்கில் வரும். ஒரு பிபிஎம் என்றால் ஒரு கிலோ ஆயிலில் ஒரு மில்லிகிராம் உலோகம். ஒரு லிட்டர் ஆயில் ஏறக்குறைய 870 கிராம் எடை. ஆகவே 50 பிபிஎம் இரும்பு என்பது மொத்த ஆயிலிலும் சேர்த்து 43 மில்லிகிராம்தான். இவ்வளவு நுணுக்கமான தேய்மானத்தையும் கருவி பிடித்துவிடும்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் வழுக்குகிறார்கள். இந்தக் கருவிக்குத் தெரிவது, அதிகபட்சம் 5 அல்லது 10 மைக்ரான் வரை உள்ள நுண்துகள் மட்டுமே (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைவிடப் பெரிய துகள் சுடரில் முழுதாக எரியாது, கணக்கிலும் வராது. கியர் பல்லின் ஓரம் உடைந்து அரை கிராம் துண்டு சம்ப்பின் (ஆயில் தேங்கும் தொட்டியின்) அடியில் கிடக்கலாம். ரிப்போர்ட்டில் இரும்பு சாதாரணமாகவே இருக்கும். மெதுவாக உரசித் தேய்வதை ஸ்பெக்ட்ரோமீட்டர் நன்றாகச் சொல்லும். உடைவதையும் பொரிவதையும் (செதிலாக உரிவதையும்) அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பெரிய இரும்புத் துகளுக்குப் பி.க்யூ. எண் என்று ஒரு தனிச் சோதனை இருக்கிறது. ஆயிலில் உள்ள காந்தத்தில் ஒட்டும் இரும்பு மொத்தத்தையும், துகள் எந்த அளவாக இருந்தாலும், அது சொல்லிவிடும். இரும்பு பிபிஎம் சும்மா இருக்க, பி.க்யூ. மட்டும் ஏறுகிறது என்றால் பெரிய துகள்கள் உருவாகின்றன என்று பொருள். கியர்பாக்ஸ் சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பேக்கேஜில் இது இருக்காமல் போகலாம்.

எந்த உலோகம் எங்கிருந்து வருகிறது

ஒற்றை எண்ணைப் பார்க்காமல் எந்த உலோகத்தோடு எது சேர்ந்து ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

இரும்பு எல்லா இடத்திலிருந்தும் வரும். கியர், ஷாஃப்ட், பேரிங், கிளட்ச்சின் ஸ்டீல் பிளேட், கேம், வார்ப்பிரும்பு லைனர் என எல்லாம் இரும்புதான். இரும்போடு அலுமினியமும் குரோமியமும் சேர்ந்து ஏறினால் முதலில் பிஸ்டன், ரிங், லைனர் பக்கம் பார்க்க வேண்டும். புகை, ஆயில் குறைவது போன்ற அறிகுறிகளும் கூடவே இருக்கும். அலுமினியம் அசையாமல் இரும்பு மட்டும், அல்லது இரும்பும் கொஞ்சம் குரோமியமும் ஏறினால் கியர், பேரிங் பக்கம் சந்தேகம் திரும்புகிறது. கியர் செய்யும் கடினப்படுத்திய எஃகிலும் பேரிங் எஃகிலும் குரோமியம் சிறிதளவு உண்டு.

கிளட்ச் தேய்மானத்துக்கு அலுமினியம்தான் முக்கியமான தடயம். கிளட்ச் பெல் (பிளேட்டுகளைச் சுற்றி விரல் விரலாக நிற்கும் வெளிக் கூடை), நடு ஹப், பிரஷர் பிளேட் எல்லாம் அலுமினிய வார்ப்பு. ஃபிரிக்ஷன் பிளேட்டின் நடுத்தகடும் பெரும்பாலும் அலுமினியமே. ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் ஃபிரிக்ஷன் பிளேட்டின் காதுகள் பெல்லின் விரல்களை முன்னும் பின்னும் இடிக்கின்றன. நாளடைவில் விரலில் பள்ளம் விழுகிறது; அங்கிருந்து உதிரும் அலுமினியம் ஆயிலுக்கு வருகிறது. பிஸ்டன் நன்றாக இருக்கிறது, கம்ப்ரெஷன் சரி, ஆயில் குறையவில்லை, அப்படியும் அலுமினியம் ஏறுகிறது என்றால் கிளட்ச் பெல்லைத்தான் பார்க்க வேண்டும். நியூட்ரலில் ஐட்லிங்கில் வரும் கடகட சத்தம் கிளட்ச்சைப் பிடித்ததும் நின்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குச் சரியாகத் தெரியாது. அது காகிதநார், கார்க், பிசின் போன்ற கரிமப் பொருள். பிளேட் முழுதாகத் தேய்ந்து போயிருந்தும் உலோக எண்கள் அமைதியாக இருக்கலாம். ஆயில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கறுப்பது, தீய்ந்த வாடை, ஸ்ட்ரெய்னர் வலையில் பழுப்புத் தூள் ஆகியவற்றை வைத்துத்தான் இதைப் பிடிக்க வேண்டும்.

செம்பு பெரும்பாலும் வெண்கல புஷ், த்ரஸ்ட் வாஷர் ஆகியவற்றிலிருந்து வருகிறது. கியர்பாக்ஸில் ஷாஃப்ட்டின் மேல் தனியாகச் சுற்றும் சில கியர்களுக்கு அடியில் புஷ் இருக்கும் மாடல்கள் உண்டு. செம்போடு வெள்ளீயமும் ஏறினால் வெண்கலம் என்று எடுத்துக்கொள்ளலாம். பித்தளையில் உள்ள துத்தநாகத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. ஆயிலின் தேய்மானத் தடுப்புச் சேர்மத்திலேயே துத்தநாகம் நிறைய இருக்கிறது; பித்தளையிலிருந்து வந்தது அதற்குள் மறைந்துவிடும்.

சிலிக்கான் பொதுவாகத் தூசியின் அடையாளம். ஏர் ஃபில்டர் கிழிந்தோ சரியாக உட்காராமலோ இருந்தால் மண் உள்ளே போகும். ஆனால் கவர் திறந்து சிலிக்கோன் கேஸ்கெட் பேஸ்ட் தடவி மூடியிருந்தாலும் அடுத்த ஒன்றிரண்டு ஆயிலில் சிலிக்கான் ஏறும். அண்மையில் வேலை நடந்த வண்டியா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் மண்ணின் தூசி

நம் பகுதிக்கென்று கவனிக்க வேண்டியது இது. சேர்வராயன் மலையின் மேல்பகுதியில் பாக்சைட் படிவு உண்டு. அலுமினியத்துக்கு மூலமே பாக்சைட்தான். அங்குள்ள செம்மண்ணில் இரும்பும் கலந்திருக்கிறது. சாதாரண மண்தூசி உள்ளே போனால் சிலிக்கான் நிறைய, அலுமினியம் அதைவிடக் குறைவாக என்ற விகிதத்தில் ரிப்போர்ட் வரும். பாக்சைட் கலந்த தூசியில் இந்த விகிதம் புரண்டுபோகலாம். ஏற்காட்டுக்கு மேலே எஸ்டேட் மண்சாலைகளில் ஓடும் வண்டியில் அலுமினியம், இரும்பு, சிலிக்கான் மூன்றும் ஒன்றாக ஏறியிருந்தால், கிளட்ச் பெல்லைக் குறை சொல்வதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் சிவப்பு ஒட்டியிருந்தால் அதுதான் பதில்.

கீழே சேலத்தில் வேறு கதை. கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் மேக்னசைட் வெட்டியெடுக்கும் நிலம். அந்த வெள்ளைத் தூசியில் மெக்னீசியம் இருக்கிறது. சில ஆயில்களில் அழுக்கு நீக்கும் சேர்மமாகவும் மெக்னீசியம் சேர்க்கப்படுகிறது. பழைய ஆயிலில் தெரியும் மெக்னீசியம் தூசியா, சேர்மமா என்பது புதிய ஆயிலின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஆகவே முதல் முறை மாதிரி அனுப்பும்போது, அதே பிராண்ட், அதே கிரேடில், திறக்காத டப்பாவிலிருந்து 100 மில்லி புதிய ஆயிலையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒரு செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். அது இல்லாமல் பின்னால் வரும் பாதி எண்களுக்குப் பொருள் கிடைக்காது.

மாதிரி எடுக்கும் முறை

குளிர்ந்த ஆயிலில் துகள்கள் அடியில் தங்கிவிடும். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் போய்த் திரும்பினால் ஆயில் நன்றாகச் சூடாகிக் கலங்கிவிடும். வந்தவுடன் இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு வடிக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சூடான ஆயில் கையைச் சுட்டுவிடும்.

வடிப்பதற்கு முன் டிரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் செயின் கிரீஸையும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மண் மாதிரியில் விழுந்தால் சிலிக்கான் எண் பொய்யாகிவிடும். போல்ட்டைக் கழற்றியதும் வரும் முதல் 300 மில்லியைத் தட்டில் விடுங்கள். நடுவில் ஓடிவரும்போது 100 மில்லியைப் பாட்டிலில் பிடியுங்கள். கடைசியாகச் சொட்டும் ஆயிலை மாதிரியில் சேர்க்க வேண்டாம்.

பாட்டில் புதியதாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஆய்வகமே கொடுத்தால் நல்லது. கழுவிய தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் துளி நீர் போதும், ஆயிலில் நீர் இருப்பதாக ரிப்போர்ட் வந்துவிடும். ஷாம்பூ பாட்டிலைத் தொடவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் அதில் ஒட்டியிருக்கும் சிலிக்கோனும் சோடியமும் ரிப்போர்ட்டில் வரும். சோடியத்தைப் பார்த்து, ரேடியேட்டர் உள்ள வண்டியாக இருந்தால், கூலண்ட் கசிகிறது என்று தப்பாக முடிவு செய்ய நேரும்.

லேபிளில் எழுத வேண்டியவை: வண்டி மாடல், ஓடோமீட்டர் கிலோமீட்டர், இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், இடையில் எவ்வளவு ஊற்றினீர்கள், ஆயிலின் பெயரும் கிரேடும், கடைசியாகக் கிளட்ச் அல்லது இன்ஜின் எப்போது திறக்கப்பட்டது. லூப்ரிகண்ட் சோதனைக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாகப் பார்த்து அனுப்புங்கள். கேட்க வேண்டிய சோதனைகள் ஐந்து: உலோகங்கள், 100 டிகிரியில் விஸ்காசிட்டி, பி.க்யூ. எண், நீர், பெட்ரோல் கலப்பு.

காந்தமும் வலையும்

ஆய்வக முடிவு வர நாளாகும். அதற்கு முன்பே, வடித்த அன்றே கிடைக்கும் ஆதாரம் ஒன்று உண்டு. பெரிய துகள்களைக் காட்டுவதால், சில நேரம் ரிப்போர்ட்டைவிட அதுவே முக்கியமாகிவிடும்.

பழைய ஸ்பீக்கரிலோ ஹார்டு டிஸ்கிலோ கழற்றிய வலுவான காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஆயிலுக்குள் விட்டு, தட்டின் உள் அடிப்பரப்பில் மெதுவாக இழுங்கள். வெளியே எடுத்து, கவரைத் திருப்பி உருவினால் ஒட்டியவை அப்படியே வெள்ளைக் காகிதத்தில் விழும். மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு அலசி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள்.

விரலில் தேய்த்தால் மணல் தெரியாத சாம்பல் நிறக் குழம்பு மட்டும் என்றால் அது சாதாரணத் தேய்மானம். எந்த நல்ல கியர்பாக்ஸிலும் இருக்கும். மீன் செதில் மாதிரி மெல்லியதாக, ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும் தகடுகள் கிடைத்தால் பேரிங் ஓடுபாதையோ கியர் பல்லின் முகமோ பொரிந்து வருகிறது. கனமான, முனை கொண்ட துண்டு கிடைத்தால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். அதன் ஒரு முகம் வழவழப்பாகக் கறுத்திருக்கும், மறுமுகம் புதிதாக உடைந்த சொரசொரப்பான சாம்பல் நிறத்தில் இருக்கும். அது பெரும்பாலும் கியரின் டாக் உடைந்த மூலை. பக்கத்துக் கியரைக் கோத்துப் பிடிக்கும் அந்தக் கட்டைகள் மழுங்கினால் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். "ரெண்டாவது கியர் கழண்டுக்குது" என்ற புகாரும் இந்தத் துண்டும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால், ரிப்போர்ட் என்ன சொன்னாலும் கேஸைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறத் துகள் அலுமினியம். அது சுருண்ட நூலாக இருந்தால் பயப்பட வேண்டாம். டிரெயின் போல்ட் முடுக்கும் ஓட்டையின் மரை அரித்து வந்த துணுக்காக இருக்கும். போல்ட்டை அடுத்த முறை அளவாக முடுக்குங்கள். பொடியாகவோ தகடாகவோ இருந்தால் கிளட்ச் பெல் அல்லது பிஸ்டன். மஞ்சள் நிறம் என்றால் புஷ். ரப்பராக இழுபடும் கறுப்பு அல்லது சாம்பல் துணுக்கு கேஸ்கெட் பேஸ்ட். அது ஆயில் ஓட்டையை அடைக்கும் என்பதால் எடுத்துப் போட வேண்டும். விரலில் நசுக்கினால் பொடியாகும் பழுப்புத் துகள் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள்.

பேப்பர் ஃபில்டர் உள்ள வண்டியில் ஃபில்டரைக் கத்தியால் வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் அறுத்த தூளே ஆதாரத்தோடு கலந்துவிடும். ஸ்ப்ளெண்டர் வகை 100 சிசி இன்ஜினில் பேப்பர் ஃபில்டர் இல்லை. வலை ஒன்றும், கிரேங்கோடு சுற்றும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்டர் ஒன்றும்தான். கனமான துகள்கள் அந்த ஃபில்டரின் உள்சுவரில் படிந்துவிடும். கிளட்ச் கவரைத் திறக்கும் வேலை வரும்போதெல்லாம் அதன் மூடியையும் கழற்றிப் படிவைச் சுரண்டிப் பாருங்கள். பல ஆயில்களின் வரலாறு அதற்குள் தேங்கிக் கிடக்கும்.

ஆயிலே காரணமாக இருந்தால்

கிளட்ச் நழுவுகிறது என்று வரும் வண்டிகளில் எல்லாவற்றுக்கும் பிளேட் தேய்ந்திருக்காது. ஊற்றிய ஆயில் தப்பாக இருக்கலாம். கியர் உள்ள பைக்குக்கு ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 தரம் வேண்டும். ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. அதனால் ஸ்கூட்டர் ஆயில் டப்பாவில் எம்பி என்று இருக்கும். அது உராய்வு குறைந்த ஆயில். அதைப் பைக்கில் ஊற்றினால் புது பிளேட்டும் மலையில் நழுவக்கூடும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்க மாலிப்டினம் சேர்த்திருக்கலாம். உங்கள் புதிய ஆயில் மாதிரியில் மாலிப்டினம் இல்லை, வண்டியிலிருந்து வடித்ததில் சில நூறு பிபிஎம் இருக்கிறது என்றால் இடையில் யாரோ வேறு ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அப்போது பிளேட் வாங்குவதற்கு முன் சரியான ஆயிலை ஊற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் முறை.

அடுத்து விஸ்காசிட்டி, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது. 10டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரி வெப்பத்தில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 20டபிள்யூ-40 ஆயிலுக்கு 12.5 முதல் 16.3. கியர் பற்களுக்கு நடுவில் நசுங்கும் ஒவ்வொரு முறையும், ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும் நீளமான பாலிமர் இழைகள் அறுபடுகின்றன. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் உள்ள பைக்கில், அந்த ஆயில் கார் ஆயிலைவிட வேகமாக நீர்த்துப்போவது இதனால்தான். 20டபிள்யூ-40 ஊற்றிய வண்டியில் எண் 12.5-க்குக் கீழே போய், பெட்ரோல் கலப்பும் இல்லையென்றால் ஆயில் அறுபட்டுவிட்டது. இரும்பு ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மாற்றும் இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள். பெட்ரோல் கலப்பு இருந்தால் கார்ப்பரேட்டர், சோக், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். விஸ்காசிட்டி எண் ஏறியிருந்தால் ஆயில் வெந்திருக்கிறது. மலையில் பாதி கிளட்ச்சிலேயே ஓட்டும் பழக்கம் இருந்தால் அதுவும் ஒரு காரணம்.

ஏற்காட்டிலேயே இருப்பவர்கள் நீர் எண்ணையும் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை. உள்ளே நீர் வேர்த்து ஆயிலோடு கலக்கும். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் நிறத்தில் பிசுபிசுப்பு தெரியும். நீர் கலந்த ஆயிலில் கியர் துருப்பிடிக்கும், கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும், இரும்பு எண் ஏறும். இந்த வண்டிக்குப் பழுதுபார்ப்பு தேவையில்லை. வாரம் ஒரு முறை நல்ல தூரம் ஓட்டுவதும் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதும் போதும்.

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து மலை இறங்குகிறவர்கள் உண்டு. பிரேக் சூடேறித் தோற்கும் ஆபத்து ஒருபுறம். இன்ஜின் நின்றால் ஆயில் பம்ப்பும் நிற்கும், சக்கரத்தோடு இணைந்த ஷாஃப்ட் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பம்ப்பிலிருந்து ஆயில் வாங்கும் கியர்பாக்ஸுக்கு இது நல்லதே அல்ல. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

எண்ணைக் கிலோமீட்டரோடு வகுத்துப் பாருங்கள்

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். முதல் மாதிரியில் 3,000 கிலோமீட்டருக்கு இரும்பு 60 பிபிஎம். அடுத்த மாதிரியில் 2,000 கிலோமீட்டருக்கு 52 பிபிஎம். எண் குறைந்திருக்கிறதே என்று தோன்றும். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் முதலில் 20, பிறகு 26. தேய்மானம் கூடியிருக்கிறது.

ஆயில் மாற்றும்போது பழையது முழுதாக வடியாது. பத்தில் ஒரு பங்கு உள்ளேயே தங்கியிருந்தால் முந்தைய 60 பிபிஎம்மில் 6 அடுத்த ஆயிலின் தொடக்கத்திலேயே இருக்கும். அதைக் கழித்தால் இரண்டாவது மாதிரியின் உண்மையான ஏற்றம் 46, ஆயிரத்துக்கு 23. முதல் மாதிரியிலும் இப்படி ஒரு மிச்சம் இருந்திருக்கும். அதற்கு முந்தைய எண் கையில் இல்லாததால் கழிக்க முடியாது. இன்னும் கூடுதல்தான், ஆனால் முதலில் நினைத்த அளவுக்கு இல்லை. இடையில் ஒரு லிட்டரில் 200 மில்லி ஊற்றியிருந்தால் எண் நீர்த்துக் காட்டும், தோராயமாக 1.2-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

இன்ன எண்ணைத் தாண்டினால் கெட்டது என்று எல்லா பைக்குக்கும் பொதுவான எல்லை கிடையாது. உங்கள் வண்டியின் முந்தைய எண்கள்தான் அளவுகோல். மூன்று மாதிரி சேர்ந்தால்தான் போக்கு தெரியும். புது வண்டியின் முதல் ஆயில் இந்தக் கணக்கில் சேராது. புதுப் பரப்புகள் ஒன்றோடொன்று படியும்போது எல்லா உலோகமும் அதிகமாகத்தான் வரும்.

எதைத் திறப்பது

அலுமினியம் தனியாக ஏறுகிறது, அல்லது வலையில் பழுப்புத் தூள் வருகிறது, அல்லது ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் முதலில் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். பெரும்பாலான 100 முதல் 150 சிசி வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாமல் இறுகியிருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையில்தான் ஓடும், பிளேட் வெந்துவிடும். கேபிள் சரியாக இருந்தும் நழுவினால் கவரைத் திறக்கலாம். ஃபிரிக்ஷன் பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து சர்வீஸ் மேனுவலின் எல்லையோடு ஒப்பிடுங்கள். ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் கெட்டிருக்கிறது. கண்ணாடித் தட்டில் வைத்து ஃபீலர் கேஜால் வளைவைப் பார்க்க வேண்டும். பெல்லின் விரல்களில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது பிளேட் மட்டும் போட்டுப் பயனில்லை. பிளேட்டின் காது அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும், கிளட்ச் முழுதாக விடுபடாது, நியூட்ரல் விழாமல் அடம்பிடிக்கும்.

இரும்பு ஏறுகிறது, அலுமினியம் அசையவில்லை, பி.க்யூ. எண் கூடுகிறது, காந்தத்தில் தகடோ துண்டோ கிடைக்கிறது, கியர் கழல்கிறது அல்லது ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் சத்தம் வருகிறது. இவற்றில் மூன்று சேர்ந்தால் கேஸைப் பிரிப்பது நியாயம். இரும்பு எண் ஒன்று மட்டும் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றி, 1,000 கிலோமீட்டரில் இன்னொரு மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலை முடிந்த பிறகு ஊற்றும் முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் வடித்துவிடுங்கள். புது பிளேட்டின் தூள், கேஸ்கெட் பேஸ்ட்டின் சிலிக்கான், பிரித்தபோது உள்ளே தங்கிய துணுக்கு எல்லாம் அதோடு போய்விடும். அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டாம். காந்தத்தில் மட்டும் பாருங்கள். அடுத்த ஆயிலில் எடுக்கும் மாதிரிதான் அந்த வண்டிக்குப் புதுக் கணக்கின் முதல் வரி.